அச்சில் வார்த்த குண்டா, டப்பா பெல்லட்டா? 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு என் கணக்கு

காற்றழுத்தத்தால் சுடும் ஏர் ரைஃபிளில், நானே ஈயம் உருக்கி அச்சில் வார்த்த குண்டையும், கடையில் டப்பாவில் விற்கும் பெல்லட் என்ற பொடி ஈயக் குண்டையும் ஒரு வருஷம் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்தேன். இப்போது டப்பா பெல்லட் மட்டும்தான். ஆசைப்பட்டுச் செய்த அச்சு பரணில் இருக்கிறது. ஏன் என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கும்பகோணம் பக்கம் எங்கள் வீட்டை ஒட்டிப் பழைய நெல் குடோன் ஒன்று உண்டு. மூட்டைகள் போய்விட்டால் நீளவாக்கில் 10 மீட்டர் தாராளமாகக் கிடைக்கும். பின்சுவரில் இரும்புத் தகடு வைத்த பெட்டி, அதன் முன்னால் குறி அட்டை. பயிற்சியெல்லாம் அங்கேதான். குழல் அளவு 0.177 அங்குலத்துக்கும், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்போகாத ஏர் ரைஃபிளுக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம். வெடிமருந்துத் துப்பாக்கிக்குக் குண்டு வார்ப்பது வேறு சட்டம், வேறு சங்கதி. அதற்குள் நான் போகவில்லை.

அச்சு ஆசை வந்ததற்கு ஊரும் ஒரு காரணம். சுவாமிமலையில் மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டலைப் பூசிச் சிலை வார்க்கிறார்கள். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு. இத்தனை வார்ப்புக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒரு பொடிக் குண்டுக்கு டப்பா வாங்குவதா என்று தோன்றியது. தெரிந்த லேத் பட்டறை அண்ணன் அலுமினியத்தில் இரண்டு துண்டாக, கீல் வைத்து, நாலு குழி அச்சு கடைந்து கொடுத்தார். “நாலும் மயிரிழை பிசகாது தம்பி” என்றார். பிசகவும் இல்லை. சிக்கல் குழியில் இல்லை, ஊற்றுவதில் இருந்தது.

காரீயம் 327 டிகிரியில் உருகிவிடும். ஆனால் அச்சு சூடேறாமல் ஊற்றினால் குண்டின் உடம்பில் கிழவி கன்னம் மாதிரி சுருக்கம் விழும். சூடு கூடினால் மேலே உப்புப் பூத்தது போல வெளுக்கும். முதல் பத்துப் பதினைந்து எப்போதும் சட்டிக்கே திரும்பிப் போகும். வெள்ளீயம் கொஞ்சம் சேர்த்தபின் மூலையெல்லாம் ஓடி நிரம்பியது. பார்க்க அழகாகவே இருந்தது.

அம்மா கேட்டார்: “ஈயச்சொம்புலதானே தினம் ரசம் வைக்கிறேன், இதுக்கு எதுக்குடா வாசல்ல போய் உக்கார்ற?” இரண்டையும் நாம் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ரசச்சொம்பு வெள்ளீயம், நான் உருக்கியது காரீயம், நஞ்சு. அதற்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி, காற்றாடும் இடம், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுதல், இவை கட்டாயம். பழைய பேட்டரித் தகட்டை மட்டும் யாரும் உருக்க வேண்டாம். அதில் அமிலமும் ஆர்செனிக்கும் இருக்கும். டப்பா பெல்லட்டும் காரீயம்தான், தொட்டபின் கை கழுவத்தான் வேண்டும். ஆனால் சட்டியும் அடுப்பும் கசடும் கிடையாது.

என் முடிவைத் தீர்மானித்தது எடை. நகைக்கடைத் தராசு ஒன்றைக் கடன் வாங்கி, வார்த்ததில் நூறை ஒவ்வொன்றாக நிறுத்தேன். 0.72 கிராமில் ஆரம்பித்து 0.79 வரை போனது. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். ஆறும்போது ஈயம் சுருங்கி உள்ளே பொத்தல் விழுகிறது, அச்சு மயிரிழை திறந்து மூடினால் ஓரத்தில் பிசிறு ஏறுகிறது. இது எவ்வளவு கெடுக்கும்? என் ரைஃபிளின் வேகத்தில் இந்தக் குண்டு 10 மீட்டர் போவதற்குள் சுமார் 24 மில்லிமீட்டர் கீழே இறங்கும். காற்று கொடுக்கும் ஆற்றல் ஒன்றேதான்; எடை ஒன்பது சதவீதம் கூடினால் இறக்கமும் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் கூடும். அதாவது 2 மில்லிமீட்டருக்கு மேல். 10 மீட்டர் அட்டையில் நட்டநடுவில் பத்து மதிப்பெண் தரும் புள்ளியின் குறுக்களவே அரை மில்லிமீட்டர்தான். நான் மூச்சைப் பிடித்து நின்று சம்பாதிப்பதைக் குண்டு இப்படித் தொலைத்துவிடுகிறது.

அதே தராசில் ஆர்.டபிள்யூ.எஸ் ஆர்10 என்ற டப்பா பெல்லட்டில் 0.53 கிராம் ரகத்தை நிறுத்தேன். முள் நகர்ந்ததாகவே சொல்ல முடியாது. இந்த வகைப் பெல்லட்டை ஊற்றுவதில்லை; ஈயக் கம்பியைத் துண்டு போட்டு அழுத்தி எடுக்கிறார்கள், அதனால் உள்ளே பொத்தலுக்கு இடமில்லை. இன்னொன்று, அதன் பின்பக்கம் குடைந்து பாவாடை போல மெலிந்து விரிந்திருக்கும். காற்று அதற்குள் புகுந்து விளிம்பைக் குழலின் வரிப்பள்ளத்தோடு, அதாவது குண்டைச் சுழலவைக்க உள்ளே வெட்டிய பள்ளத்தோடு, அணைக்கும். என் அச்சுக் குண்டின் அடி கெட்டி. ஏர் ரைஃபிளின் காற்றழுத்தத்துக்கு அது விரியாது, அதனால் முதலிலேயே பள்ளத்தை நிரப்பும் பருமனில் வார்க்க வேண்டியிருந்தது; குழலில் நுழைக்கவே கட்டைவிரல் வலித்தது. சுவாமிமலையில் ஒரு சிலைக்கு ஓர் அச்சு, உடைத்தால் போச்சு. ஒன்று போல இன்னொன்று வராததே அங்கே அழகு. எனக்கோ போட்டியில் அறுபது முறையும் ஒரே குண்டு வேண்டும்.

காசுக் கணக்கில் அச்சு ஜெயிக்கும், அதை மறைக்க மாட்டேன். ஒரு கிலோ ஈயத்தில் ஆயிரத்து முந்நூறு குண்டு வரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஊற்றி, தேறாததைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கையில் நிற்பது அதில் பாதி. உள்ளூர் டப்பாவும் பரவாயில்லை. நிலை பழக, விசை பழக அதுவே போதும்.

நான் 10 மீட்டரைத் தாண்டிச் சுட்டவனில்லை. கெட்டியான உலோகக் கலவையில் குண்டு வார்த்து, மெழுகு தடவி, அளவுத் துளையில் தள்ளித் திருத்தி, பெரிய ரைஃபிளில் இலக்கு அடிக்கிற மரபு வெளிநாடுகளில் உண்டு. அங்கே மருந்தின் அழுத்தம் வேறு, அதனால் கணக்கும் மாறும். என் தீர்ப்பை அவர்கள்மேல் ஏற்ற மாட்டேன்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெல்லட்டின் தலை அளவு 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று வரும். மூன்றிலும் ஒவ்வொரு டப்பா எடுத்து, ரைஃபிளைத் தாங்கியில் இறுக்கிப் பிணைத்து, அளவுக்குப் பத்து சுட்டுப் பாருங்கள். என் குழலுக்கு 4.50 ஒத்துவந்தது, உங்களுடையது வேறாக இருக்கலாம். ஒத்துவந்தால் டப்பாவின் அடியில் உள்ள பேட்ச் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் நாலைந்து சேர்த்து வாங்கி வையுங்கள்.

பெட்டியில் சேரும் நசுங்கிய ஈயத்தை வருஷத்துக்கு ஒருமுறை அள்ளுவேன். கொள்ளிடக் கரையில் வீச்சுவலை போடும் ஒருவர் வந்து வாங்கிப் போகிறார். வலைக்குண்டுக்கு எடை முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை என்றார். பரணில் உள்ள அச்சைக் காட்டினேன். குழி ரொம்பச் சின்னது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.