பத்து வயதுக்குத் தெரிந்த அளவு: ‘நம்பர் தி ஸ்டார்ஸ்’

லோயிஸ் லோரி 1989இல் எழுதி, மறு ஆண்டே சிறுவர் இலக்கியத்துக்கான அமெரிக்க விருதான நியூபெரி பதக்கம் பெற்ற ‘நம்பர் தி ஸ்டார்ஸ்’ ஒரு நாளிலேயே படித்து முடித்துவிடக்கூடிய சிறிய ஆங்கில நாவல். ஜெர்மானியப் படையின் பிடியிலிருந்த டென்மார்க்கில் 1943ஆம் ஆண்டு கதை நடக்கிறது. நாட்டிலுள்ள யூதர்களைக் கைதுசெய்து முகாம்களுக்கு அனுப்ப நாஜிகள் தீட்டிய திட்டத்தை ஜெர்மானியத் தூதரக அதிகாரி துக்விட்ஸ் முன்கூட்டியே தெரியப்படுத்திவிட, சில வாரங்களுக்குள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் பெரும்பாலும் மீன்பிடிப் படகுகளில் ஒளிந்து, நடுநிலை வகித்த சுவீடனைச் சென்றடைந்தார்கள். இந்த வரலாற்றை லோரி, கோபன்ஹேகனில் வாழும் அன்னெமாரி என்ற பத்து வயதுச் சிறுமிக்கு எவ்வளவு தெரிந்திருக்க முடியுமோ அந்த எல்லைக்குள் நின்றே சொல்கிறார். நாவலின் பலம், குறை இரண்டுமே அந்த ஒரு முடிவிலிருந்து பிறக்கின்றன.

பலத்துக்குச் சான்று, சிப்பாய்கள் நள்ளிரவில் வீட்டுக்குள் நுழையும் அத்தியாயம். அன்னெமாரியின் யூதத் தோழி எலன், அந்த வீட்டின் இறந்துபோன மூத்த மகளாக நடித்துக்கொண்டு அங்கே தங்கியிருக்கிறாள். அவள் கழுத்தில் யூத அடையாளமான தாவீதின் நட்சத்திரம் கோத்த சங்கிலி கிடக்கிறது. கொக்கியைக் கழற்ற நேரமில்லாததால் அன்னெமாரி அதை அறுத்தெடுத்து, சிப்பாய்கள் போகும்வரை கையை இறுக மூடிக்கொண்டிருக்கிறாள். பொன்னிறக் கூந்தலுள்ள குடும்பத்தில் இவள் கூந்தல் மட்டும் ஏன் கறுப்பு என்று அதிகாரி கேட்கும்போது, குழந்தைப் பருவத்தில் மூத்த மகளுக்கும் கறுத்த முடிதான் இருந்தது என்பதைக் காட்டும் பழைய படத்தைத் தந்தை ஆல்பத்திலிருந்து கிழித்துக் கொடுக்கிறார். துப்பாக்கி வெடிக்காத, ஒருவரும் வீர வசனம் பேசாத இந்தச் சில பக்கங்களில் இருக்கும் அச்சம், போர்க்களத்தை விரிவாக வருணிக்கும் பல சிறுவர் நூல்களில் இல்லை.

பிற்பகுதியில், தன் தாய்மாமனின் படகுக்கு ஒரு பொட்டலத்தைக் கொண்டு சேர்க்க அன்னெமாரி காட்டுப் பாதையில் ஓடுகிறாள். வழியில் வேட்டைநாய்களோடு சிப்பாய்கள் மறிக்கும்போது, ஒன்றுமறியாத தன் தங்கையைப் போல வாய் ஓயாமல் பேசி நடிக்கிறாள். பொட்டலத்துக்குள் இருப்பது என்னவென்று அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. முழுவதும் தெரியாமலிருந்தால் துணிவது எளிது என்ற மாமனின் எண்ணத்தை ஒட்டியே லோரி இந்தக் காட்சியை அமைத்திருக்கிறார். பொட்டலத்தில் இருந்த கைக்குட்டையும் வெறும் கற்பனையன்று: உலர்ந்த முயல் இரத்தமும் கொக்கேய்னும் சேர்த்துத் தடவிய துணிகளைப் படகோட்டிகள் வைத்திருந்ததையும், அவற்றை முகர்ந்த நாய்கள் மோப்பம் இழந்ததையும் நூலின் பின்னுரை விளக்குகிறது.

இனி குறைகள். இந்நாவலின் டேனியர்கள் அனைவரும் நல்லவர்கள். உண்மையில் படகுப் பயணத்துக்குப் பெருந்தொகை கேட்டவர்களும் இருந்தார்கள்; கதையின் பிற்பகுதி நடக்கும் கில்லெலையே என்ற கடலோரக் கிராமத்திலேயே, தேவாலயப் பரணில் ஒளிந்திருந்த ஏறத்தாழ எண்பது யூதர்கள் அந்த அக்டோபரில் பிடிபட்டார்கள். பத்து வயதுச் சிறுமியின் பார்வை என்பது இதைத் தவிர்க்கப் போதுமான காரணமன்று. அவளே பார்க்கவும் கேட்கவும் கூடிய தொலைவில் நடந்த நிகழ்ச்சி அது. எலனின் நிலை இன்னும் உறுத்துகிறது. நாடகத்தில் நடிக்கும் ஆர்வமும் திறமையும் உள்ளவளாக அறிமுகமாகும் அவளுக்குக் கதை காப்பாற்றப்படுவதைத் தவிர வேறு வேலை அதிகம் தருவதில்லை. பெரிய நடிப்புக்கான வாய்ப்புகூட அன்னெமாரிக்கே போய்விடுகிறது.

ஆங்கில நடை எளியது. ஐந்தாம் வகுப்பு மாணவர் துணையின்றிப் படிக்கலாம். டேனிய ஊர்ப் பெயர்கள்தாம் சற்று இடறும். ஆனால் பின்னுரையைப் பெரியவர் ஒருவர் உடனிருந்து படிப்பது நல்லது. கதையில் வரும் பீட்டர் என்ற இளைஞனின் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த கிம் மால்தே-புருன், இருபத்தொரு வயதில் நாஜிகளால் சுட்டுக் கொல்லப்படுவதற்கு முந்தைய இரவு தன் தாய்க்கு எழுதிய கடிதத்தின் பகுதி அதில் இடம்பெற்றிருக்கிறது. அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்கும் பிள்ளைக்கு, பசியையும் திருட்டையும் மறைக்காமல் போலந்துச் சிறுவர்களின் நெடும்பயணத்தைச் சொல்லும் இயன் செரெய்லியரின் ‘தி சில்வர் ஸ்வோர்ட்’ நாவலைத் தரலாம். அதற்குப் பன்னிரண்டு வயதாவது ஆகியிருக்கட்டும்.