செங்குத்துக் குழாயில் எந்த ஃப்ளோ மீட்டர்? மேக், ரோட்டா, வோர்டெக்ஸ், கிளாம்ப் ஆன்

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறைக்குள் போனால் பல வகை ஃப்ளோ மீட்டர்களை, அதாவது குழாயில் எவ்வளவு ஓடுகிறது என்று அளக்கும் கருவிகளை, ஒரே வளாகத்தில் பார்த்துவிடலாம். கழிவுநீர் லைனில், மின்கடத்தும் திரவத்தை மின்காந்தத்தால் அளக்கும் மேக் மீட்டர்; சவ்வு வழியாகத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. ஸ்கிட்டில் ரோட்டா மீட்டர்; பாய்லர் நீராவிக்கு, ஓட்டத்தில் உண்டாகும் சுழல்களை எண்ணி அளக்கும் வோர்டெக்ஸ். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரைத் துளியும் வெளியே விடக் கூடாது என்ற கட்டாயத்தில் ஓடுகிற தொழில் இது. உள்ளே வந்தது எவ்வளவு, சுத்திகரித்துத் திரும்ப எடுத்தது எவ்வளவு என்ற கணக்கு இந்த மீட்டர்களை நம்பித்தான் இருக்கிறது.

இட நெருக்கடியில் மீட்டர் செங்குத்துக் குழாயில் ஏறுவது சகஜம். அதில் தப்பே இல்லை. திரவத்துக்கு அதுதான் நல்ல இடம், ஓட்டம் கீழிருந்து மேலே போகும் வரை. எந்த மீட்டர் என்று யோசிப்பதற்கு முன்னால் இந்தத் திசையை முடிவு செய்யுங்கள்.

மேலிருந்து கீழே விழும் லைனில் என்ன நடக்கிறது? கீழ்முனை தொட்டியில் திறந்திருந்தால் தண்ணீர் தன் எடையிலேயே வேகமெடுத்து விழும், குழாய் முழுசாக நிறையாது. மேக் மீட்டர் வேகத்தை அளந்து முழுக் குழாயின் பரப்பால் பெருக்குகிற கருவி. குழாய் பாதிதான் நிறைந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது, ரீடிங்கைக் கூட்டிக் காட்டும். குழாய் நிறைந்தே விழுந்தாலும் வேறு தொல்லை உண்டு. மீட்டருக்குக் கீழே தொங்கும் ஒவ்வொரு மீட்டர் நீர்த்தம்பமும் உள்ளே அழுத்தத்தைச் சுமார் 0.1 பார் இழுத்துக் குறைக்கும். 5 மீட்டர் இறக்கம் என்றால் பாதி வெற்றிடம். மேக் மீட்டரின் உள்ளே இருக்கும் டெஃப்லான் லைனிங் (உட்பூச்சு) சுவரை விட்டுப் பிரிந்து வருவது இப்படித்தான். வேறு வழியே இல்லை, இறங்கு குழாயில்தான் பொருத்த வேண்டும் என்றால், மீட்டருக்கு அப்புறம் குழாயை மறுபடி மேலே வளைத்து மீட்டர் எப்போதும் மூழ்கியிருக்கும்படி செய்யுங்கள். இறக்கம் நீளமானால் மீட்டரைத் தாண்டிக் காற்று வால்வு ஒன்றும் வேண்டும்.

சரி, மேலேறும் குழாய்க்கு வருவோம். சாயக் கழிவுநீருக்கு என் ஓட்டு மேக் மீட்டருக்குத்தான். உப்பு மிகுந்த தண்ணீர், மின்கடத்தலுக்குக் குறைவே இல்லை. காற்றுக் குமிழி ஓட்டத்தோடு மேலே போய்விடும், கசடு எலெக்ட்ரோடு மேல் படியாது. முன்னால் 5 விட்டம், பின்னால் 2 விட்டம் நேர்க்குழாய் போதும். 100 மி.மீ. லைனில் அது 50 செ.மீ., 20 செ.மீ. மட்டுமே.

ஆனால் அளவு தேர்வதில் கவனம் வேண்டும். மணிக்கு 30 கன மீட்டர் ஓட்டத்துக்கு, குழாய் 150 மி.மீ. என்பதற்காக அதே அளவில் மீட்டர் போட்டால் வேகம் வினாடிக்கு அரை மீட்டர்கூட வராது. 80 மி.மீ.க்குக் குறைத்தால் 1.6 மீட்டருக்கு மேல் கிடைக்கும், எலெக்ட்ரோடும் சுத்தமாக இருக்கும். பி.வி.சி. குழாயாக இருந்தால் இரண்டு பக்கமும் எர்த் ரிங் (திரவத்தை எர்த்தோடு இணைக்கும் உலோக வளையம்) இல்லாமல் ரீடிங் நிலையாக நிற்காது. செங்குத்தாகப் பொருத்தும்போது டிஸ்ப்ளே தலை பக்கவாட்டில் திரும்புவதால், கேபிள் நுழையும் வாய் சில சமயம் வானம் பார்த்து நிற்கும். தலையைச் சுழற்றி அதைக் கீழே திருப்புங்கள். கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டு உள்ளே கொண்டுபோனால் மழைத்தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. பம்ப் நின்றதும், தண்ணீர் பின்னால் திரும்பாமல் தடுக்கும் செக் வால்வு கசிந்தால் மேலே நிற்கும் தண்ணீர் மீட்டர் வழியாகவே திரும்ப இறங்கும். அடுத்த முறை பம்ப் ஓடும்போது அதே தண்ணீர் மறுபடி ஏறும். ஓடியதை மொத்தமாகக் கூட்டிக் காட்டும் டோட்டலைசர் முன்னோட்டத்தை மட்டும் கூட்டும்படி வைத்திருந்தால் ஒரே தண்ணீருக்கு இரண்டு கணக்கு. பம்ப் அடிக்கடி நின்று ஓடும் இடத்தில் இது மாதக் கணக்கையே புரட்டிவிடும். செக் வால்வைச் சரிசெய்யுங்கள், டோட்டலைசரை நிகர அளவுக்கு மாற்றுங்கள்.

ரோட்டா மீட்டருக்கு விலை குறைவு, மின்சாரம் வேண்டாம், நேர்க்குழாய்க் கவலையும் பெரிதாக இல்லை. தெளிவான குழலுக்குள் இருக்கும் மிதவையை ஓட்டம் தூக்க, புவியீர்ப்பு இழுக்க, இரண்டும் சமமாகும் இடம்தான் ரீடிங். அதனால் சாதாரண வகை செங்குத்தாக, தூக்குக்குண்டுக்குச் சரியாக நிற்க வேண்டும். ஆர்.ஓ. பெர்மியேட்டுக்கு, அதாவது சுத்தமாகி வெளிவரும் நீருக்கு, இது அருமை. சாயத்தண்ணீருக்குச் சரிப்படாது, குழல் கறை பிடித்து மிதவையே தெரியாமல் போகும். பிழை முழு அளவில் 2 சதவீதம் என்று போட்டிருந்தால், ஐந்தில் ஒரு பங்கு ஓட்டத்தில் அது ரீடிங்கில் 10 சதவீதம். கண்ணால் பார்த்து வால்வைத் திருப்பலாம், கணக்கு எழுத அதை நம்பக் கூடாது.

நீராவிக்கு மேக் உதவாது, அங்கே வோர்டெக்ஸ். நீராவி மேலே போனாலும் கீழே போனாலும் அது அளக்கும், மேலே போகும் லைனில் அடியில் ஸ்டீம் டிராப் (நீராவி குளிர்ந்து சேரும் நீரை வெளியேற்றும் வால்வு) இருந்தால் சரி. ஆனால் முன்னால் 15 விட்டமாவது நேர்க்குழாய் கேட்கும், அருகருகே இரண்டு எல்போ வெவ்வேறு திசையில் திரும்பினால் 25க்கு மேலும் போகும். ஓட்டம் ஓர் அளவுக்குக் கீழே போனால் சுழல்கள் சரியாக உருவாகாது. இரவில் ஒரே ஒரு மெஷின் ஓடும்போது நீராவி போய்க்கொண்டிருக்கும், மீட்டர் சுழியம் காட்டும். மீட்டரை லைனைவிட ஓர் அளவு சிறிதாக வாங்குவது இதற்காகத்தான்.

குழாயின் வெளியே பிடித்து மீயொலியால் அளக்கும் கிளாம்ப் ஆன் அல்ட்ராசோனிக்கை நிரந்தர மீட்டராக நான் பரிந்துரைப்பதில்லை. துரு ஏறிய பழைய ஜி.ஐ. குழாயில் சிக்னல் வராது, குமிழி வந்தால் தடுமாறும். ஆனால் சரிபார்க்க அதைவிட வசதியானது இல்லை, குழாயை அறுக்க வேண்டாம், பம்பை நிறுத்த வேண்டாம். கிடைமட்டக் குழாயில் மேலே காற்று, கீழே கசடு என்று பக்கவாட்டைத் தேட வேண்டியிருக்கும். நிறைந்து மேலேறும் குழாயில் சுற்றிலும் எங்கே வேண்டுமானாலும் பிடிக்கலாம். சுவர் தடிமனை மட்டும் கேஜ் வைத்து அளந்து கொடுங்கள், புத்தகத்தில் இருப்பதை அப்படியே போடாதீர்கள்.