502 பிழையைக் காட்டிப் புதிய சர்வர் விற்கப் பார்த்தார்கள்: ஈரோட்டிலிருந்து ஓர் எச்சரிக்கை

சென்னிமலைப் போர்வைகளை மொத்த விலைக்கு விற்கும் எங்கள் ஈரோட்டுக் கடைக்கு, வெளியூர் வியாபாரிகள் ஆர்டர் போடுவதற்கென்று ஓர் இணையதளம் உண்டு. அது இயங்கும் வாடகை சர்வரை உபுண்டு இயங்குதளத்தின் 22.04 பதிப்பிலிருந்து 24.04-க்கு மேம்படுத்தித் தருமாறு கோவையிலுள்ள ஒரு பராமரிப்பு நிறுவனத்துக்கு ₹6,000 கொடுத்தேன். ஞாயிறு இரவு வேலை முடிந்ததாகச் சொன்னார்கள். திங்கள் காலை, அதுவும் ஜவுளிச் சந்தை கூடும் நாளில், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ‘502 பேட் கேட்வே’ என்றே வந்தது.

முதலில் இணைய இணைப்பில் கோளாறு என்றார்கள். மாலையில், சர்வரே பழுதாகிவிட்டது, ₹38,000-க்குப் புதிது போட வேண்டும் என்றார்கள். தளத்துக்கு வருபவர்களின் கோரிக்கையை முதலில் வாங்கும் மென்பொருளான என்ஜின்எக்ஸின் அமைப்புக் கோப்பைச் சோதித்ததில் பிழை எதுவும் இல்லை என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையும் சான்றாக வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். பதற்றத்தில் ₹15,000 முன்பணம் அனுப்பியது என் மடமை.

பெருந்துறையில் பொறியியல் படிக்கும் என் அக்கா மகன் அன்றிரவு வந்து பார்த்தான். 502 என்ற எண்ணை அனுப்புவதே முன்னால் நின்று கோரிக்கையை வாங்கி உள்ளே அனுப்பும் ரிவர்ஸ் ப்ராக்சிதான், இங்கே அது சர்வரிலேயே இயங்கும் என்ஜின்எக்ஸ் என்பதால், அந்த எண் வருகிறது என்றாலே சர்வர் உயிரோடுதான் இருக்கிறது என்றான். போர்வைப் படங்களின் முகவரியைத் தனியே கொடுத்தபோது அவை தடையின்றித் திறந்தன. பிறகு, பிழைகள் பதிவாகும் எரர் லாக்கின் கடைசி வரிகளைக் காட்டினான். தளத்தின் பக்கங்களை உருவாக்கித் தரும் மென்பொருளான பிஎச்பியில், உபுண்டு 22.04-இல் இருந்த 8.1 மேம்பாட்டின்போது நீக்கப்பட்டு, 24.04-க்குரிய 8.3 வந்திருந்தது; என்ஜின்எக்ஸோ பிஎச்பியோடு பேசுவதற்கான வாசலாக, இல்லாமற்போன 8.1-இன் சாக்கெட் கோப்பையே தேடிக்கொண்டிருந்தது. “மாமா, உள்ள இருக்கறவரு வீடு மாறிட்டாருங்க, இது இன்னும் பழைய வீட்டுக் கதவையே தட்டீட்டு இருக்குதுங்க” என்றான். ஸ்கிரீன்ஷாட்டில் இருந்த சோதனைக் கட்டளை கோப்பின் இலக்கணத்தைப் பார்க்குமே தவிர, அதில் எழுதியுள்ள சாக்கெட் உண்மையில் இருக்கிறதா என்று பார்க்காது. ஆக, எனக்கு வந்த சான்று எதையும் நிரூபிக்கவில்லை. ஓர் எண்ணைத் திருத்தி, என்ஜின்எக்ஸை ரீலோடு செய்ததும் தளம் திறந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இதே நிலையில் இருப்பவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் எரர் லாக்கின் கடைசிச் சில வரிகளைக் கேட்டு வாங்குங்கள். நான் இரண்டு முறை கேட்டும் அவர்கள் அதை அனுப்பவில்லை என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கோளாறைக் கண்டறிந்த கட்டணமாம், ₹4,000 பிடித்துக்கொள்வார்களாம். எந்தக் கோளாறைக் கண்டறிந்தார்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மீதி ₹11,000-உம் இன்னும் வந்து சேரவில்லை.