காலையில் மட்டும் தாமதமாக ஸ்டார்ட் ஆகும் பழைய கார்: எரிபொருள் அழுத்தத்தை அளந்து பார்த்த அனுபவம்

20 ஆண்டுகளைக் கடந்த என் பெட்ரோல் கார், ஓட்டத்தில் எந்தக் குறையும் இல்லாதபோதும், காலையில் ஸ்டார்ட் ஆவதற்கு மட்டும் நெடுநேரம் எடுத்துக்கொண்டது. இரவு முழுவதும் நின்ற வண்டியில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் வழக்கமான வேகத்தில்தான் சுற்றும். ஆனால் 6, 7 வினாடிகள் சுற்றிய பிறகே என்ஜின் பிடிக்கும். பிடித்துவிட்டால் நாள் முழுவதும் தொல்லை இல்லை. நிறுத்திய ஐந்து நிமிடத்துக்குள் மீண்டும் சாவியைத் திருப்பினால் தொட்டவுடன் ஸ்டார்ட் ஆகிவிடும்.

ஏறக்குறைய ஓராண்டு காலம் இதற்காக ஒவ்வொரு பாகமாக மாற்றினேன். முதலில் பேட்டரி, பிறகு ஸ்பார்க் பிளக்குகள், அதன் பிறகு பெட்ரோல் ஃபில்டர். எதனாலும் காலைத் தாமதம் குறையவில்லை. செல்ஃப் மோட்டார் தளர்வில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த வண்டியில் பேட்டரியைச் சந்தேகித்திருக்கவே கூடாது என்பது இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

குறை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டியது ஒரு மிக எளிய சோதனைதான். சாவியை ஸ்டார்ட் வரை கொண்டுபோகாமல், ஆன் நிலையில் மட்டும் வைத்துக் காது கொடுத்தால், பின் இருக்கைக்கு அடியில் பெட்ரோல் பம்ப் இரண்டு வினாடிகள் ரீங்கரித்துவிட்டு நிற்பது கேட்கும். சாவியை அணைத்து, மீண்டும் ஆன் செய்து, இப்படி மூன்று முறை பம்பை ஓடவிட்ட பிறகு ஸ்டார்ட் செய்தேன். இரவெல்லாம் நின்ற வண்டி முதல் சுற்றிலேயே பிடித்தது. என்ஜினுக்குத் தேவையான பெட்ரோல் அழுத்தம் காலையில் இல்லை என்பதும், பம்ப் கூடுதலாகச் சில வினாடிகள் ஓடினால் அது உருவாகிவிடுகிறது என்பதும் இதிலிருந்து புரிந்தன.

என் வண்டியில் இருப்பது போன்ற, இன்ஜெக்டர்கள் (பெட்ரோலைப் பீய்ச்சும் சிறு வால்வுகள்) கொண்ட என்ஜின்களில் பெட்ரோல் பெரும்பாலும் 2.5 முதல் 4 பார் (அழுத்தத்தின் அலகு) வரையிலான அழுத்தத்தில் நிற்க வேண்டும். வண்டியை அணைத்த பிறகும் அந்த அழுத்தம் சட்டென்று இறங்காதபடி பம்பின் வாயிலில் உள்ள ஒருவழி வால்வு, அழுத்தத்தை அளவாக வைத்திருக்கும் ரெகுலேட்டர், மூடிய இன்ஜெக்டர்கள் ஆகிய மூன்றும் சேர்ந்து காக்கின்றன. இவற்றில் ஒன்று கசிந்தாலும், அல்லது இவற்றை இணைக்கும் குழாயில் எங்காவது கசிவு இருந்தாலும், அழுத்தம் இறங்கிவிடும்; பெட்ரோல் டேங்குக்கே திரும்பி வடிந்துவிட்டால், காலையில் பம்ப் முதலில் குழாயில் உள்ள காற்றைத் தள்ளியாக வேண்டும். ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்கிறேன்: காலையில் அழுத்தம் பூஜ்யமாக இருப்பது மட்டுமே குறையாகிவிடாது. நல்ல நிலையில் உள்ள பல வண்டிகளிலும் இரவுக்குள் அது மெல்ல இறங்கும். அணைத்த முதல் 20 நிமிடங்களில் எவ்வளவு இறங்குகிறது, காலையில் எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்ற இரண்டும்தான் கவனிக்க வேண்டியவை.

பிரஷர் கேஜை இணைத்தேன். என் வண்டிக்குக் குறிப்பிடப்பட்ட அளவு 3 பார். முள் தயங்கித் தயங்கி ஏறி 2.6 பாரில் நின்றது. என்ஜினை ஓட்டி அணைத்த பத்தே நிமிடங்களில் 0.5 பாருக்குக் கீழே போய்விட்டது. அடுத்த முறை அணைத்தவுடன், ரெகுலேட்டரிலிருந்து மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ரப்பர் ஹோஸை வழவழப்பான வாய் கொண்ட கிளாம்பால் இறுக்கினேன்; அப்போதும் அதே வேகத்தில் இறங்கியது. ஆகவே ரெகுலேட்டர் காரணமல்ல. மூன்றாம் முறை, பம்பிலிருந்து வரும் ஹோஸை இறுக்கினேன். ஒரு மணி நேரம் கழித்தும் முள் ஏறக்குறைய அதே இடத்தில் இருந்தது. இன்ஜெக்டர்கள் நன்றாக மூடுகின்றன, கசிவு டேங்க் பக்கம்தான் என்பது உறுதியாயிற்று. ரப்பர் ஹோஸ்களை மட்டுமே இப்படி இறுக்கலாம். பிளாஸ்டிக் குழாயை நசுக்கினால் அது விரிசல் விடும்.

வண்டியைப் பார்த்த மெக்கானிக் பம்பையே மாற்றிவிடச் சொன்னார். கழற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று கேட்டுக்கொண்டேன். பம்ப் தொகுதியை வெளியே எடுத்தபோது, பம்பின் வாயையும் மேல்மூடியின் குழாயையும் இணைக்கும் விரல் நீள ரப்பர் ஹோஸ் ஊறி உப்பியிருந்தது. கிளாம்பை நகர்த்தியதும், அது மறைத்திருந்த இடத்தில் மயிரிழை போன்ற ஒரு பிளவு தெரிந்தது. ஹோஸை லேசாக வளைத்தால் அந்தப் பிளவு வாய் திறந்தது. ஒருவழி வால்வைத் தாண்டி அமைந்த இடம் என்பதால் வால்வு நன்றாக இருந்தும் பயனில்லை; பம்ப் ஓடும்போதும் பெட்ரோலின் ஒரு பகுதி டேங்குக்குள்ளேயே பீய்ச்சியதால்தான் 2.6 பாருக்கு மேல் ஏறவில்லை. பெட்ரோலுக்குள் மூழ்கிக் கிடக்கவென்றே தயாரிக்கப்பட்ட ஹோஸை மட்டும் வாங்கிப் பொருத்தினோம். சாதாரணப் பெட்ரோல் ஹோஸின் வெளிப்புறம் டேங்குக்குள் தாக்குப்பிடிக்காது.

இந்த வேலையில் நான் செய்த ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். முதல் முறை அழுத்தத்தை வெளியேற்றாமலே இணைப்பைத் தளர்த்தியதால் பெட்ரோல் கையிலும் சூடான என்ஜின் மீதும் தெறித்தது. தீப்பற்றாதது என் அதிர்ஷ்டம். பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு என்ஜினைத் தானாக நிற்கும் வரை ஓட்டி, அது நன்றாக ஆறிய பிறகு பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இணைப்புகளில் கை வைக்க வேண்டும்.

அடுத்த இரண்டாண்டுகள் எந்தத் தொல்லையும் இல்லை. பிறகு வேறொரு விதமாகத் தாமதம் தலைகாட்டியது: சூடான வண்டி நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும், ஸ்டார்ட் ஆனதும் கறுப்புப் புகை வரும். இந்த முறை ரெகுலேட்டரை என்ஜினின் காற்று உள்ளிழுக்கும் பாதையோடு இணைக்கும் வேக்குவம் ஹோஸை இழுத்து முகர்ந்ததுமே விடை கிடைத்துவிட்டது. உள்ளே பெட்ரோல் ஈரமாக இருந்தது. உள்சவ்வு கிழிந்து, பெட்ரோல் அந்த வழியாக நேரே என்ஜினுக்குள் போய்க்கொண்டிருந்தது. ரெகுலேட்டரை மாற்றியதும் சரியானது.

இப்போது ஹோஸ் மாற்றி மூன்றாண்டுகள் ஆகின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேஜை இணைத்து அளவைக் குறித்து வைக்கிறேன். கடைசியாகப் பார்த்தபோது, சாவியை ஆன் செய்ததும் 3 பார். பம்ப் நின்று 20 நிமிடங்கள் கழித்து 2.8 பார். காலையில் வண்டி ஒரு வினாடிக்குள் பிடிக்கிறது.