ஐபிஎம் குவாண்டம் இலவசத் திட்டம்: பெல் சோதனைக்கு எவ்வளவு தாங்கும்?

இரு துகள்களின் அளவீட்டு விளைவுகள் முன்கூட்டியே முடிவானவையா என்று பார்ப்பது பெல் சோதனை. அதை உண்மையான குவாண்டம் சிப்பில் செய்து பார்க்க இன்று காசு தேவையில்லை. ஐபிஎம் 2016 மே மாதம் 5 கியூபிட் (குவாண்டம் பிட்) சிப் ஒன்றை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதே சேவையின் இலவசத் திட்டத்தில் இப்போது நூறு கியூபிட்டுக்கு மேல் உள்ள சிப்களில் 28 நாளுக்கு 10 நிமிட இயந்திர நேரம் கிடைக்கிறது. குவாண்டம் பின்னலை, அதாவது இரு துகள்களின் நிலை ஒன்றாகப் பிணைந்திருப்பதை, பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்த மாணவருக்கு இது பெரிய கொடை. ஆனால் திரையில் வரும் எண்ணுக்கு என்ன பொருள் என்பது தனிக் கேள்வி. அந்தக் கேள்வியை மனதில் வைத்துத்தான் இந்தச் சேவையை இங்கே எடைபோடுகிறேன்.

10 நிமிடம் போதுமா என்பதை முதலில் பார்ப்போம். தாராளமாகப் போதும். சர்க்யூட்டை (கியூபிட்டுகளுக்கான கட்டளை வரிசை) ஓட்டி விளைவுகளைத் தருவது சாம்ப்ளர். அதன் இயல்பு அமைப்பு ஒரு சர்க்யூட்டுக்கு 4096 ஷாட், அதாவது 4096 முறை ஓட்டம். ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே இயல்பாக 250 மைக்ரோநொடி இடைவெளி விடப்படுகிறது. ஆக ஒரு சர்க்யூட்டுக்குச் சுமார் 1 நொடி, பெல் சோதனையின் நான்கு அமைப்புகளுக்குச் சுமார் 4 நொடி, மேற்செலவாக இன்னும் சில நொடி. வரிசையில் காத்திருக்கும் நேரம் கணக்கில் சேராது. இந்தச் சோதனைக்காகப் பணம் கட்டும் திட்டத்துக்குப் போகவே வேண்டாம்.

1964-ல் ஜான் பெல் காட்டியதைச் சோதனைக்கு ஏற்ற வடிவில் 1969-ல் கிளாசர், ஹோர்ன், ஷிமோனி, ஹோல்ட் நால்வரும் எழுதினார்கள். ஒவ்வொரு பக்கமும் இரண்டு அளவீட்டுக் கோணங்கள், மொத்தம் நான்கு ஒட்டுறவுகள் (இரு பக்க விளைவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு). மூன்றைக் கூட்டி ஒன்றைக் கழித்தால் வருவது எஸ். விளைவுகளை இரு பக்கமும் முன்கூட்டியே சுமந்து வருகின்றன, ஒரு பக்கத்தில் நடப்பது மறுபக்கத்தைத் தொடாது என்றால் எஸ் 2-ஐத் தாண்டாது. குவாண்டம் இயற்பியல் 2.828 வரை அனுமதிக்கிறது.

சிப்பில் இதை அமைக்கும்போது முதல் தவறு கோணத்தில் நடக்கும். ஒளித்துகள் சோதனைகளைப் பற்றிய பாடங்களில் 0, 45 டிகிரி ஒரு பக்கம், 22.5, 67.5 டிகிரி மறுபக்கம் என்று இருக்கும். அது முனைவாக்கக் கோணம். கியூபிட்டைத் திருப்பும் ஆர்ஒய் கேட்டுக்கு (கேட் என்பது சர்க்யூட்டின் ஒரு கட்டளை) அதன் இரு மடங்கைக் கொடுக்க வேண்டும்: ஒரு பக்கம் 0, 90, மறுபக்கம் 45, 135. இரண்டிலும் எதிர்க்குறியோடு திருப்பி, பிறகு அளக்க வேண்டும். பழைய கோணத்தையே போட்டால் இரைச்சலே இல்லாத சிப்பிலும் எஸ் 2.39-தான் வரும். 2-க்கு மேலே இருப்பதால் தவறு கண்ணில் படாது. குறைந்ததற்குச் சிப்பின் மேல் பழி விழும். கழித்தல் குறி 0, 135 ஜோடிக்கு என்பதையும் கவனியுங்கள்.

இரண்டாவது தவறு சர்க்யூட்டை நான்காகப் பிரித்து எழுதுவது. 2024 மார்ச் முதல் சிப்புக்கு ஏற்றபடி மாற்றி எழுதிய, அதாவது டிரான்ஸ்பைல் செய்த சர்க்யூட்டை மட்டுமே சேவை ஏற்கிறது. நான்கு சர்க்யூட்டுகளைத் தனித்தனியே டிரான்ஸ்பைல் செய்தால் அவை வெவ்வேறு கியூபிட் ஜோடிகளில் போய் உட்கார வாய்ப்பு உண்டு. அப்படி ஆகிவிட்டால் நான்கு ஒட்டுறவுகளும் ஒரே சோதனையைச் சேர்ந்தவை அல்ல, அவற்றைக் கூட்டுவதற்கே பொருளில்லை. இன்னொன்றும் நடக்கும்: 0 டிகிரித் திருப்பத்தைத் தேவையற்றது என்று டிரான்ஸ்பைலர் வெட்டி எறிந்துவிடும், அந்தச் சர்க்யூட்டில் மட்டும் பல்ஸ் (கியூபிட்டை இயக்கும் துடிப்பு) குறையும். இரண்டுக்கும் ஒரே மருந்து, கோணங்களை மாறிகளாக வைத்து ஒரே சர்க்யூட் எழுதுவது. ஒரு முறை டிரான்ஸ்பைல் செய்து, நான்கு கோண ஜோடிகளையும் ஒரே ஜாபில் அனுப்புங்கள். கியூபிட் ஜோடியை நீங்களே தேர்ந்து கொடுப்பது இன்னும் நல்லது. அன்றைய அளவுத்திருத்தப் பட்டியலில் அளவீட்டுப் பிழை குறைந்த, நேரடி இணைப்புள்ள இரண்டைப் பாருங்கள். அனுப்பும் முன் ஐபிஎம்மின் கிஸ்கிட் மென்பொருளைச் சேர்ந்த ஏர் சிமுலேட்டரில் சொந்தக் கணினியிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டால் கோணத் தவறு அங்கேயே பிடிபடும்.

என்ன எண்ணை எதிர்பார்க்கலாம்? அளவீட்டுப் பிழைதான் பெரும் எதிரி. ஒவ்வொரு கியூபிட்டும் 2 சதவீதம் தவறாகப் படிக்கப்பட்டால் ஒவ்வொரு ஒட்டுறவும் 0.96-இன் இருபடியால், அதாவது 0.92-ஆல் குறையும், எஸ் 2.61 ஆகும். 1 சதவீதம் என்றால் 2.72. கேட் பிழை இதை இன்னும் கொஞ்சம் இறக்கும். பிழை 8 சதவீதத்தை நெருங்கினால் எஸ் 2-க்குக் கீழே போய்விடும், பின்னல் இருந்தும் மீறல் தெரியாது. 4096 ஷாட்டில் எஸ்-இன் திட்ட விலக்கம் சுமார் 0.024. 2.6 வந்தால் அது எல்லையிலிருந்து 25 விலக்கம் தள்ளி நிற்கிறது. புள்ளியியல் ஐயத்துக்கு இங்கே இடமில்லை. ஷாட்டைக் கூட்டுவதால் புதிதாக எதுவும் தெரியப் போவதில்லை.

சேவையில் எனக்கு உடன்பாடில்லாத இடம் எஸ்டிமேட்டர். சாம்ப்ளர் ஒவ்வொரு ஷாட்டின் விளைவையும் அப்படியே தரும். எஸ்டிமேட்டர் சராசரியைக் கணக்கிட்டுத் தரும், அதன் இயல்பு அமைப்பிலேயே அளவீட்டுப் பிழையைச் சரிக்கட்டும் ட்ரெக்ஸ் முறை ஓடிக்கொண்டிருக்கும். அது பிழையை அளந்து, ஒட்டுறவை அதற்கேற்ப வகுத்து உயர்த்துகிறது. மூலக்கூறின் ஆற்றலைக் கணக்கிடுபவருக்கு இது நியாயமான உதவி. பெல் சோதனையில் இது கூடாது. எதையும் ஊகிக்காமல் வெறும் விளைவுகளிலிருந்து பேசுவதுதான் பெல் சமனிலியின் வலிமை. குவாண்டம் இரைச்சல் மாதிரியை வைத்துத் திருத்திய எண்ணைக் கொண்டு குவாண்டத்துக்கு மாற்றான கொள்கையை மறுப்பது, முடிவை முன்பே எடுத்துக்கொண்டு வாதிடுவது. திருத்திய எஸ் சில சமயம் 2.828-ஐயே தாண்டும், அது கண்டுபிடிப்பு அல்ல, வகுத்ததன் விளைவு. எஸ்டிமேட்டரைத்தான் பயன்படுத்துவீர்கள் என்றால் ரெசிலியன்ஸ் அளவை 0 ஆக்குங்கள். சாம்ப்ளரே மேல்.

சாம்ப்ளரைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. அதன் தரவில் பலர் பார்க்காமல் விட்டுவிடும் ஒரு பரிசோதனை ஒளிந்திருக்கிறது. முதல் கியூபிட் 0 காட்டும் விகிதத்தை மட்டும் எடுங்கள். இரண்டாம் கியூபிட்டின் கோணம் 45 ஆனாலும் 135 ஆனாலும் அது மாறக் கூடாது. குவாண்டம் விதிப்படியே பின்னல் வழியாகச் செய்தி அனுப்ப முடியாது. 4096 ஷாட்டில் இரு விகிதங்களின் வேறுபாட்டுக்குத் திட்ட விலக்கம் 0.011. அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் வேறுபட்டால், ஒரு கியூபிட்டின் பல்ஸ் பக்கத்துக் கியூபிட்டுக்குக் கசிகிறது, அல்லது இடையில் சிப்பின் நிலை நகர்ந்திருக்கிறது. விகிதம் 0.5-க்குக் கொஞ்சம் மேலே இருப்பது மட்டும் குற்றமல்ல. அளக்கும்போது 1 நிலை சரிந்து 0 ஆவதால் வரும் சாய்வு அது. இங்கே ஒரு கண்ணி: விளைவுச் சரத்தில் 0-ஆம் கியூபிட் வலது ஓரத்தில் நிற்கும். இடம் மாற்றிப் படித்தாலும் எஸ் மாறாது, ஆனால் இந்தப் பரிசோதனை தலைகீழாகும்.

சரி, 2.6 வந்துவிட்டது. விளைவுகளை முன்கூட்டியே சுமந்து வருவதாகச் சொல்லப்படும் உள்ளூர் மறைமாறிகள் தோற்றுவிட்டனவா? இந்தச் சிப்பால் அதைச் சொல்ல முடியாது. இரண்டு கியூபிட்டுகளும் ஒரே சிப்பில், மில்லிமீட்டர் கணக்கில் அருகருகே இருக்கின்றன. அந்தத் தூரத்தை ஒளி சில பைக்கோநொடியில் கடந்துவிடும். அளவீட்டுக்கோ மைக்ரோநொடி அளவில் நேரம் ஆகிறது. ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து தேர்வு எழுதிய இருவரின் விடைகள் ஒத்துப்போவதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதல்லவா? கோணங்களும் ஷாட்டுக்கு ஷாட் தற்செயலாக மாறுவதில்லை, முன்கூட்டியே கோப்பில் எழுதி அனுப்பப்படுகின்றன. இன்னொரு கியூபிட்டை அளந்து அதன் விளைவைக் கொண்டு கோணத்தைத் தேர்ந்தெடுக்க டைனமிக் சர்க்யூட் வசதி இருக்கிறது. செய்து பார்க்க அருமையான பயிற்சிதான். ஆனால் அந்தக் காத்திருப்பில் பின்னல் தேயும், எஸ் இறங்கும், தூரப் பிரச்சினை அப்படியே நிற்கும்.

சிப்பின் பக்கம் ஒரு நியாயமும் உண்டு. ஒவ்வொரு ஷாட்டிலும் இரு கியூபிட்டும் தவறாமல் விடை தருகின்றன, எதையும் கழித்துவிட வேண்டியதில்லை. ஆகக் கண்டறிதல் ஓட்டை, அதாவது பிடிபடாத துகள்களால் வரும் ஐயம், இங்கே அடைபட்டிருக்கிறது. 405 நானோமீட்டர் லேசரையும் பிபிஓ படிகத்தையும் கொண்ட கல்லூரி மேசைக் கருவியில் உருவாகும் ஜோடிகளில் பெரும்பாலானவை கண்டறிவானுக்குப் போய்ச் சேருவதே இல்லை. பிடிபட்டவை எல்லாவற்றுக்கும் சரியான மாதிரி என்று ஊகித்தாக வேண்டும்.

தூரம், கண்டறிதல் என்ற இரண்டு ஓட்டைகளையும் ஒன்றாக அடைத்த சோதனைகள் 2015-ல்தான் வந்தன. டெல்ஃப்டில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் 245 முயற்சிகள், எஸ் 2.42, பிழை 0.20. நம் பேச்சுக்கு இன்னும் நெருக்கமானது 2023-ல் ஈடிஎச் சூரிக் வெளியிட்ட சோதனை. அதுவும் மீகடத்துக் கியூபிட்டுகள்தான்; ஆனால் இரண்டையும் 30 மீட்டர் நீளக் குளிர்குழாய் இணைத்தது. அந்த 30 மீட்டரை ஒளி கடக்க ஆகும் 100 நானோநொடிக்குள் கோணத் தேர்வும் அளவீடும் முடிந்தாக வேண்டும். கிடைத்த எஸ் 2.0747, பிழை 0.0033. மேகக்கணினியில் வரும் 2.6-ஐவிடச் சிறிய எண். ஆனால் இயற்கையைப் பற்றி அது சொல்வதை 2.6 சொல்ல முடியாது. இந்தச் சேவையைப் பாடமாக நடத்தும் ஆசிரியர்கள் இரண்டு எண்களையும் பலகையில் அருகருகே எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

குவாண்டம் இயற்பியலுக்கு உண்மையில் என்ன பொருள் என்று சொல்லும் விளக்கங்களைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். கோபன்ஹேகன் பார்வை, எவரெட்டின் பல உலகங்கள், போமின் வழிகாட்டும் அலை மூன்றும் இந்தச் சர்க்யூட்டுக்கு ஒரே எண்ணைத்தான் கணிக்கின்றன. போமின் கொள்கை தூரம் பாராத தாக்கத்தை வெளிப்படையாகவே ஏற்கிறது, அதனால் ஓட்டையில்லாத பெல் சோதனைகூட அதைத் தொடாது. விக்னரின் நண்பரை (ஒரு சிந்தனைச் சோதனையில் வரும், தானும் கவனிக்கப்படும் பார்வையாளர்) ஒரு கியூபிட்டாக வைத்து ஓட்டும் சர்க்யூட்டுகளும் உண்டு; ஒற்றைக் கியூபிட்டைப் பார்வையாளர் என்று ஏற்றுக்கொண்டால்தான் அவற்றுக்குப் பொருள், அந்த ஏற்பைச் சிப் தராது.

மீதி நிமிடங்களை வீணாக்காமல், பெல் சோதனையை மூன்று கியூபிட்டுக்கு விரிக்கும் மெர்மின் சோதனைக்குச் செலவிடுங்கள். வரிசையாக இணைந்த மூன்று கியூபிட்டுகளில் நடுவிலிருப்பதற்கு ஹடமார்ட் கேட், அங்கிருந்து இரு பக்கமும் ஒவ்வொரு சிநாட் கேட்; மூன்றும் ஒன்றாகப் பின்னிய ஜிஎச்இசட் நிலை தயார். மூன்றையும் எக்ஸ் திசையில் அளந்த ஒட்டுறவிலிருந்து, ஒன்றை எக்ஸிலும் இரண்டை ஒய்யிலும் அளந்த மூன்று ஒட்டுறவுகளைக் கழிக்க வேண்டும். எல்லை 2, குவாண்டம் மதிப்பு 4. 2 சதவீத அளவீட்டுப் பிழையிலும் 3.5-க்குப் பக்கத்தில் நிற்கும், பெல்லைவிட இடைவெளி பெரிது. ஒய் திசைக்கு அளக்கும் முன் எஸ்-டேகர் கேட் போட்டுப் பிறகு ஹடமார்ட். வரிசை மாறினால் ஒய்க்குப் பதில் எக்ஸ் திசையே அளக்கப்படும், இரைச்சல் இல்லாத சிப்பில்கூட 4-க்குப் பதில் -2 வரும்.