தம்பிக்கு ஐந்து கேள்விக்குறி

யாழ்ப்பாணக் கம்பஸ் பக்கம், பரமேஸ்வராச் சந்தியிலிருந்து உள்ளே போகிற ஒரு ஒழுங்கையில் சின்னதாக ஒரு கொம்பியூட்டர் திருத்துகிற கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் பழைய மொனிட்டர்கள் அடுக்கியிருக்கும், அதுதான் அடையாளம். கேம் திறக்கவில்லை என்று அலைகிறவர்கள் வேறெங்கும் காசைக் கொட்டுவதற்கு முதல் ஒருக்கால் அங்கே போய்ப் பாருங்கள்.

ஸ்டீம் என்கிற ஒன்லைன் கேம் கடையில் காசு கொடுத்து வாங்கிய பழைய கார் ரேஸ் கேம் ஒன்று எனக்கு இரண்டு கிழமையாக வில்லங்கம் பண்ணியது. பிளே அழுத்தினால் கறுப்புத் திரை வரும், இரண்டு செக்கனில் மூடிவிடும், எரர் என்று ஒரு வரிகூடக் காட்டாது. நானும் சும்மா இருக்கவில்லை. கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தேன், விஷுவல் சி++ ரன்டைமை அழித்துத் திரும்பப் போட்டேன், அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து பார்த்தேன், ஸ்டீமில் கேம் பைல்களைச் சரிபார்க்கவிட்டால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்றது. பிறகு டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன், பெயர் வேண்டாம். மெஷினை ஓன் பண்ணிக்கூடப் பார்க்காமல் ஃபோர்மட் அடிக்கவேண்டும் என்றார்கள். 3,500 ரூபா. கேட்காமலே டி டிரைவையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள். 60 ஜிபியை இராத்திரி டேட்டாவில் நாலு நாளாகத் திரும்ப இறக்கித் திறந்தால், அதே கறுப்புத் திரை.

இந்தக் கடை அண்ணை முதலில், விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கிற ஈவென்ட் வியூவரைத் திறந்தார். கேம் விழுந்த நேரம் அதில் இருந்தது, காரணம் பிடிபடவில்லை. பிறகு கேம் தான் செய்வதை எழுதிவைக்கிற, அதன் ஃபோல்டருக்குள் கிடந்த லொக் பைலை நோட்பேடில் திறந்து நேரே கடைசி வரிக்குப் போனார். செட்டிங்ஸை எழுதப்போன இடம் அதில் இருந்தது: சி டிரைவ், யூசர்ஸ், அடுத்து ஐந்து கேள்விக்குறி. "யூசர் நேம் என்ன போட்டிருக்கிறீர்?" என்றார். "தம்பி" என்றேன். வீட்டில் கூப்பிடுகிற பெயர், தமிழிலேயே அடித்திருந்தேன். மனுசன் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

பழைய கேம்கள் சில ஃபோல்டர் பாதையை, எல்லா மொழி எழுத்துக்கும் இடமுள்ள யூனிகோடில் கேட்காமல் விண்டோஸின் பழைய ஆன்சி முறையில் கேட்குமாம். அந்த முறையில் தமிழுக்கென்று ஒரு கோட் பேஜே, அதாவது எழுத்துப் பட்டியலே, கிடையாது, ஆகவே ஒவ்வொரு குறியீடும் ஒரு கேள்விக்குறியாகிவிடும். நமக்குத் தம்பி மூன்று எழுத்து, யூனிகோடுக்கு த, ம, புள்ளி, ப, இகரக் குறி என்று ஐந்து. விண்டோஸில் ஃபோல்டர் பெயருக்குள் கேள்விக்குறி வரவே முடியாது, பிறகு கேம் எங்கே போய் எழுதும்? ஃபோர்மட்டுக்குப் பிறகும் நான் அதே பெயரைத்தானே அடித்தேன்! (பாமினி என்கிற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்கிறவர்களுக்கு இந்தக் கரைச்சல் வராது, அது ஆங்கில எழுத்துக்குப் போட்ட தமிழ் முகமூடிதான்.)

விண்டோஸை முழுக்க யூடிஎஃப்-8 என்கிற யூனிகோட் முறைக்கு மாற்றுகிற ஒரு வசதி ரீஜியன் செட்டிங்ஸில் இருக்கிறது, ஆனால் அது இன்னும் பீட்டா, சோதனை நிலைதான், வேறு பழைய மென்பொருள்கள் குழம்பக்கூடும் என்று அதைத் தொடவில்லை. இருக்கிற கணக்கின் பெயரை மாற்றினாலும் ஃபோல்டர் பெயர் மாறாது என்பதால் ஆங்கில எழுத்தில் புதுக் கணக்கு ஒன்று திறந்து, பைல்களை அதற்கு மாற்றினார். கேம் முதல் அழுத்திலேயே திறந்தது. அதற்குப் பிறகு, ஃபோல்டர் மாறாது என்கிற அதே விஷயத்தை வைத்து, கணக்கின் பெயரைத் திரும்பத் தமிழுக்கு மாற்றித் தந்தார். இப்போதும் ஓன் பண்ணினால் தம்பி என்றுதான் வருகிறது.

எடுத்தது 1,000 ரூபா. ரசீது தரவில்லை, அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆள் ஒருவர்தான், மத்தியானம் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார், போனும் எடுக்கமாட்டார், முக்கால் மணித்தியாலம் வெயிலில் நின்றேன். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போங்கள்.