கூண்டு வண்டியில் மேற்கே போன குடும்பங்களின் வம்சாவளி: ஃபேமிலிசர்ச் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

அமெரிக்காவில் ஒரேகான், கலிஃபோர்னியா, யூட்டா பக்கம் கூண்டு வண்டி கட்டிப் போய்க் குடியேறிய குடும்பங்களின் வேரைத் தேடுபவர்கள் முதலில் போய் நிற்கும் இடம் ஃபேமிலிசர்ச். கட்டணம் கிடையாது, ஒரு கணக்குத் தொடங்கினால் போதும். சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன் திருச்சபை நடத்தும் தளம் இது. 1894-ல் வம்சாவளிச் சங்கமாகத் தொடங்கியவர்கள், உலகம் முழுக்கப் படமெடுத்த சுமார் 24 லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள்களை 2021-ல் டிஜிட்டல் ஆக்கி முடித்தார்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தத் தளத்தில் இருக்கும் மூல ஆவணங்களுக்கு ஈடு இணை இல்லை. அதே தளத்தில் இருக்கும் 'குடும்ப மரம்' ஒரு துப்பு மட்டுமே, சாட்சி அல்ல.

வண்டிக் குடும்பங்களுக்கு இந்த வித்தியாசம் மற்றவர்களைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. கப்பலில் வந்தவருக்குப் பயணிகள் பட்டியல் இருக்கும். மிசௌரியின் இண்டிபெண்டன்ஸிலிருந்து ஒரேகான் சிட்டி வரை சுமார் 2,000 மைல் மாட்டு வண்டியில் போனவருக்கு டிக்கெட்டும் இல்லை, சோதனைச் சாவடியும் இல்லை. ஏப்ரல், மே மாதம் கிளம்பி செப்டம்பர், அக்டோபரில் போய்ச் சேர்ந்தார்கள். நடுவில் பிளாட் ஆற்றங்கரையில் காலராவில் இறந்தவர்களின் குழிகளுக்கு அடையாளமே இல்லை. பலவற்றின் மேல் வேண்டுமென்றே வண்டியை ஓட்டித் தடத்தை மறைத்தார்கள். ஆகவே செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: கிளம்பிய ஊரில் ஓர் ஆவணம், சேர்ந்த ஊரில் ஓர் ஆவணம், இரண்டிலும் இருப்பவர் ஒரே ஆள் என்பதற்குச் சான்று. இதோடு ஆண்டையும் பாருங்கள். 1869 மே 10-ல் ரயில் பாதை இரு கரைகளையும் இணைத்துவிட்டது. குடும்பக் கதை வண்டி என்று சொன்னாலும், 1875-ல் கலிஃபோர்னியா வந்தவர் ரயிலில் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

முதலில் குடும்ப மரம். இதில் ஆளுக்கொரு தனி மரம் கிடையாது. உலகத்துக்கே ஒரு மரம், இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம், ஓர் அடையாள எண். யார் வேண்டுமானாலும் திருத்தலாம், இரண்டு பக்கங்களை ஒன்றாக இணைக்கலாம். தூரத்து உறவினர் பதிவேற்றிய புகைப்படமும் பைபிள் குறிப்பும் தானாக நம் கண்ணில் படும் என்பது இதன் பெரிய பலன். பெயரை மட்டும் பார்த்து இரண்டு பேரை ஒருவராக்கிவிடுவது இதன் பெரிய ஆபத்து.

எப்படி என்பதற்கு ஆப்பிள்கேட் குடும்பத்தைப் பார்த்தால் போதும். சார்லஸ், லிண்ட்சே, ஜெஸ்ஸி என்ற மூன்று சகோதரர்கள் 1843-ன் பெரிய குடிபெயர்வில் மிசௌரியிலிருந்து ஒரேகானுக்கு வந்தார்கள். லிண்ட்சேயின் மகன்களில் ஒருவருக்குச் சித்தப்பாவின் பெயரையே வைத்தார்கள்: ஜெஸ்ஸி ஆப்பிள்கேட் ஆப்பிள்கேட். சித்தப்பாவும் மகனும் ஒரே பயணத்தில், பிறகு ஒரே வட்டாரத்தில், ஒரே பெயரில். ஆவணத்தில் 'ஜெ. ஆப்பிள்கேட்' என்று மட்டும் இருந்தால் அது யார் என்பதை வயதையும் மனைவி பெயரையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. சார்லஸ் மணந்தது மெலிண்டா மில்லரை, லிண்ட்சே மணந்தது அவர் சகோதரி எலிசபெத் மில்லரை. அண்ணன் தம்பி அக்கா தங்கையைக் கட்டினால் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டியும் பொது. சாதாரணமாகச் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளுக்குள் 12.5 சதவீத மரபணு பொதுவாக இருக்கும், இங்கே சராசரியாக 25 சதவீதம். அடுத்தடுத்த தலைமுறையிலும் அந்த இரட்டிப்பு தொடரும். டிஎன்ஏ பரிசோதனை உறவை இருப்பதைவிட நெருக்கமாகக் காட்டும்போது, காணாமல் போன ஒரு தலைமுறையைத் தேடுவதற்கு முன் இப்படிப்பட்ட இரட்டைத் திருமணம் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டிக் கூட்டங்களில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்தே கிளம்பியதால் இது அபூர்வமல்ல.

அதே குடும்பத்தில் மனதைப் பிசையும் இன்னொன்றும் இருக்கிறது. 1843 நவம்பரில் கொலம்பியா ஆற்றில் படகு கவிழ்ந்து லிண்ட்சேயின் மகன் வாரன், ஜெஸ்ஸியின் மகன் எட்வர்ட் இருவரும் மூழ்கிப் போனார்கள். பத்து வயதுப் பக்கம் இருக்கும். 1840 மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் எழுதினார்கள், மற்றவர்கள் வயதுக் கட்டத்தில் ஓர் எண்ணிக்கை. எல்லாச் சுதந்திர மனிதர்களின் பெயரையும் எழுதிய முதல் கணக்கு 1850. 1850 வருவதற்கு முன்பே இறந்துவிட்ட இந்தப் பையன்களுக்குக் கணக்கெடுப்பில் பெயரே கிடையாது. குடும்பத்தார் எழுதி வைத்ததால்தான் தெரிகிறது. எழுதத் தெரியாத, எழுத நேரமில்லாத குடும்பங்களில் இப்படி எத்தனை பிள்ளைகள் மறைந்து போயிருக்கும்! பிள்ளைகள் பட்டியலில் நான்கைந்து வருட இடைவெளி தெரிந்தால், அங்கே ஒரு குழந்தை இருந்திருக்கலாம் என்று குறித்து வையுங்கள். ஆனால் ஆதாரம் இல்லாமல் பெயர் சேர்க்காதீர்கள்.

மரத்தைப் பயன்படுத்தும்போது மூன்று இடங்களைத் தவறாமல் திறந்து பாருங்கள். 'ஆதாரங்கள்' பகுதியில் என்ன இணைத்திருக்கிறார்கள், வேறொருவரின் மரம்தான் ஆதாரமா? மாற்றப் பதிவில் யார் எப்போது எதை இணைத்தார்கள்? தவறான இணைப்பு என்றால் அங்கிருந்தே திரும்ப எடுக்கலாம். மூன்றாவது, ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் எழுதும் பெட்டி. காரணத்தோடு எழுதிய திருத்தத்தை அடுத்தவர் அவசரப்பட்டு மாற்றுவது குறைவு.

கணக்கெடுப்புப் படிவங்களின் அட்டவணையில் பிறந்த மாநிலம் அடிக்கடி பிசகும். மிசௌரியின் சுருக்கமும் மெயினின் சுருக்கமும் கையெழுத்தில் ஒன்று போலத் தெரியும். அக்காலத்தில் இந்தியானாவை 'ஐ, ஏ' என்ற இரண்டே எழுத்தில் சுருக்குவது வழக்கம். இன்று பார்ப்பவர் அதை ஐயோவா என்று படித்துவிடுகிறார். 1815-ல் ஐயோவாவில் பிறந்ததாக ஒரு வெள்ளைக் குடியேறியைத் தளம் காட்டினால் உடனே மூலப் படத்தைத் திறந்து பாருங்கள். கலிஃபோர்னியா போனவர்களுக்கு 1852 மாநிலக் கணக்கெடுப்பு ஒரு வரம். அதில் பிறந்த இடத்தோடு கடைசியாக வசித்த இடத்தையும் கேட்டிருக்கிறார்கள். 1850 மத்தியக் கணக்கெடுப்பில் சான் ஃபிரான்சிஸ்கோ, சாண்டா கிளாரா, கான்ட்ரா கோஸ்டா கவுண்டிகளின் (மாவட்டங்களின்) ஏடுகள் தொலைந்து போனதால் இதன் மதிப்பு இன்னும் கூடுகிறது.

ஃபேமிலிசர்ச்சில் அண்மையில் வந்தவற்றுள் மிகப் பெரிய உதவி, 2024-ல் அறிமுகமான முழு உரைத் தேடல். கையெழுத்து ஆவணத்தைக் கணினியே படித்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பெயரையும் தேட வைக்கிறது. பழைய அட்டவணையில் விற்றவர், வாங்கியவர் பெயர் மட்டும்தான் கிடைக்கும். இதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், பக்கத்து நிலத்துக்காரர், கடன்காரர் எல்லாரும் கிடைக்கிறார்கள். கிளம்பிய மாவட்டத்தின் பத்திரப் பதிவேட்டில், கிளம்பிய ஆண்டுக்கு முந்தைய இலையுதிர் காலத்திலிருந்து வசந்தம் வரை தேடுங்கள். வண்டியும் மாடும் மாவும் வாங்க நிலத்தை விற்றே ஆக வேண்டும். அந்தப் பத்திரத்தில், மனைவி தன் பங்குரிமையை விட்டுக்கொடுப்பதாகக் கணவன் இல்லாத இடத்தில் தனியாக விசாரித்து எழுதிய குறிப்பும் இருக்கும், அதில் அவர் பெயர். பல வருடம் கழித்து ஊரில் அப்பா இறந்தால், ஒரேகானில் இருக்கும் வாரிசு அனுப்பிய அதிகாரப் பத்திரம் அதே பதிவேட்டில் ஏறும். 'இன்னாரின் மகன், ஒரேகான் பிரதேசம், யாம்ஹில் கவுண்டியில் வசிப்பவர்' என்று அதில் ஒரு வரி இருந்தால் வேலை பாதி முடிந்தது. பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, ஊர் பெயருக்கு முன் கூட்டல் குறி இடுங்கள். குடும்பப் பெயரின் எழுத்து மாறுபாடுகளுக்கு நட்சத்திரக் குறி. கணினி தவறாகப் படிப்பதும் உண்டு, அதனால் எடுத்தெழுதிய உரையை மட்டும் நகலெடுக்காமல் படத்தைப் படியுங்கள்.

இனி முக்கியமான இடம், நிலக் கோப்பு. இதற்கு ஃபேமிலிசர்ச்சோடு மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை நடத்தும் ஜி.எல்.ஓ. (பொது நில அலுவலகம்) ரெக்கார்ட்ஸ் தளமும் தேவை. அதுவும் இலவசம். 1850 செப்டம்பர் 27-ல் வந்த ஒரேகான் நிலக்கொடைச் சட்டம், 1850 டிசம்பர் 1-க்குள் வந்து குடியேறியவர்களில் தனி ஆணுக்கு 320 ஏக்கர், தம்பதிக்கு 640 ஏக்கர் கொடுத்தது. பாதி மனைவியின் சொந்தப் பெயரில். அதற்குப் பின் வந்தவர்களுக்கு இதில் பாதி, 1855 வரை. நான்கு வருடம் குடியிருந்து பயிரிட்டதை நிரூபிக்க வேண்டும். அந்த நிரூபணத்துக்காகக் கோப்பில் பிறந்த தேதி, ஊர், மணந்த தேதி, ஊர், ஒரேகானுக்கு வந்த காலம் எல்லாம் எழுதி வாங்கினார்கள். நமக்கு வேண்டிய இரண்டு கரையும் ஒரே தாளில்! சாட்சி சொன்னவர்கள் பெரும்பாலும் பக்கத்து நிலத்துக்காரர்கள், பல சமயம் ஒரே வண்டிக் கூட்டத்தில் வந்தவர்கள். அவர்கள் கோப்புகளையும் எடுத்துப் படியுங்கள்.

ஜி.எல்.ஓ. தளத்தில் மாநிலத்தையும் பெயரையும் கொடுத்தால் வருவது பட்டாவின் படம் மட்டுமே. கோப்பு அங்கே இருக்காது. பட்டாவின் தேதியை வந்து சேர்ந்த ஆண்டாக எடுத்துக்கொள்வது மிகப் பரவலான தவறு. 1847-ல் வந்தவருக்கு 1860-களில் பட்டா கிடைத்திருப்பது சகஜம். பட்டாவிலிருந்து நீங்கள் குறிக்க வேண்டியது நில அலுவலகத்தின் பெயரும் சான்றிதழ் எண்ணும்தான். ஒரேகான், வாஷிங்டன் கொடைக் கோப்புகளைத் தேசிய ஆவணக் காப்பகம் எம்815 என்ற வரிசையில் 108 சுருள்களாக, அலுவலகம், சான்றிதழ் எண் என்ற அடுக்கில்தான் வைத்திருக்கிறது. சர்வே எண் கொண்டு தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இந்த நிலங்கள் சர்வேக்கு முன்பே பிடிக்கப்பட்டவை என்பதால், சர்வேயில் மைலுக்கு மைலாக வெட்டிய சதுரச் செக்‌ஷன்களுக்குள் அடங்காது. ஒரே நிலம் நான்கைந்து செக்‌ஷன்களில் கிடக்கும். மணநாளிலும் கவனம் வேண்டும். 1850 டிசம்பர் 1 தொடங்கி ஒரு வருடத்துக்குள் கல்யாணம் செய்தால் தனி ஆளுக்கும் முழு 640 ஏக்கர் என்று சட்டம் சொன்னதால், அந்தக் கெடுவை ஒட்டி அவசரக் கல்யாணங்கள் நடந்தன. கோப்பில் உள்ள தேதியைக் கவுண்டிப் பதிவோடு ஒப்பிடுங்கள்.

குடியிருந்து பயிரிட்டவருக்கு அரசு நிலம் கொடுத்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டத்தின் கீழ் வந்தவர்களுக்கும் இதே முறைதான். வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் குடியுரிமைத் தாள் கூடுதலாகக் கிடைக்கும். பாதியில் நிலத்தை விட்டுப் போனவருக்குப் பட்டா இருக்காது, ஜி.எல்.ஓ. தளத்தில் பெயரும் வராது. அவரை ஃபேமிலிசர்ச்சில் உள்ள நில அலுவலகப் பேரேடுகளில் டவுன்ஷிப், ரேஞ்ச் எண் (சர்வேக் கட்டத்தில் நிலம் இருக்கும் இடத்தைக் காட்டும் எண்கள்) கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டித்தான் பிடிக்க முடியும்.

கவுண்டி எல்லை மாறியது தெரியாமல் தோற்றுப்போகும் தேடல்கள் ஏராளம். ஆப்பிள்கேட் குடும்பம் குடியேறிய யோன்கல்லா இன்று டக்ளஸ் கவுண்டியில் இருக்கிறது. ஆனால் 1857 அரசியலமைப்பு மாநாட்டுக்கு ஜெஸ்ஸி ஆப்பிள்கேட் போனது அம்ப்குவா கவுண்டியின் பிரதிநிதியாக. 1851-ல் உருவான அந்தக் கவுண்டி 1862-ல் டக்ளஸோடு கரைந்துவிட்டது. 1850-களின் ஆவணத்துக்கு டக்ளஸில் மட்டும் தேடினால் வெறும் கைதான். கொலம்பியாவுக்கு வடக்கே 1853-க்கு முன் பிறந்தவர்களுக்கு 'ஒரேகானில் பிறந்தவர்' என்று எழுதியிருப்பதும் சரியே. வாஷிங்டன் பிரதேசம் பிரிந்தது அந்த ஆண்டில்தான்.

யூட்டாக் குடும்பங்களுக்குக் கவலை குறைவு. 1847 முதல் 1868 வரை வந்தவர்களைக் கூட்டம் கூட்டமாக, கிளம்பிய தேதி, சேர்ந்த தேதியோடு அதே திருச்சபையின் வரலாற்றுத் துறை தனித் தளத்தில் தொகுத்திருக்கிறது. 1856 முதல் 1860 வரை மாடு இல்லாமல் கைவண்டி இழுத்து வந்த பத்துக் கூட்டங்களும் அதில் உண்டு.

இந்த ஆவணங்கள் யாரை விட்டுவிட்டன என்பதையும் தெரிந்து தேட வேண்டும். நிலக்கொடைச் சட்டம் வெள்ளையருக்கும் வெள்ளை, பூர்வகுடிக் கலப்பினருக்கும் மட்டும். 1844-ல் வந்த கறுப்பினத்தவரான ஜார்ஜ் புஷ், கறுப்பர்களை ஒரேகானில் தங்கவிடாத சட்டத்தால் வடக்கே போய் இன்றைய டம்வாட்டர் அருகே குடியேறினார். அவர் நிலத்தை 1855-ல் காங்கிரஸ் தனிச் சட்டம் போட்டுத்தான் உறுதி செய்தது. அவரைப் போன்றவரைக் கொடைக் கோப்பில் தேடாமல் காங்கிரஸ் ஆவணங்களில் தேட வேண்டும். வில்லாமெட் பள்ளத்தாக்கின் கலாபூயா மக்களோடு ஒப்பந்தம் போட்டது 1855 ஜனவரியில், நிலத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கத் தொடங்கியதோ அதற்கு முன்பே. வம்ச வரலாறு எழுதும்போது 'ஆளில்லாத காடு' என்று எழுதாதீர்கள். யோன்கல்லா என்பதே அங்கே வாழ்ந்த கலாபூயாப் பிரிவின் பெயர்.

நடைமுறையில் இரண்டு குறைகள். சில படங்களின் மேல் கேமராவோடு சாவிச் சின்னம் இருக்கும். அவற்றை ஃபேமிலிசர்ச் மையத்திலோ இணைப்பு நூலகத்திலோ உட்கார்ந்துதான் பார்க்க முடியும், அருகில் எது என்பதைத் தளத்தின் வரைபடம் காட்டும். அடுத்தது, மரத்தை ஜெட்காம் கோப்பாக (வம்சாவளி மென்பொருள்கள் எல்லாம் படிக்கும் பொது வடிவம்) நேரடியாக இறக்கும் வசதி கிடையாது. ரூட்ஸ்மேஜிக் போன்ற மென்பொருள் வழியாகத்தான் எடுக்க வேண்டும். அதைத் தொடக்கத்திலேயே நிறுவி, சரிபார்த்த ஆட்களை மட்டும் உங்கள் கணினியில் ஏற்றிக்கொள்ளுங்கள், ஒவ்வொருவருக்கும் ஆவணப் படத்தையும் சுருள் எண்ணையும் சேர்த்து. பொது மரத்தில் நாளைக்கு யார் எதை மாற்றினாலும் உங்கள் பிரதி அப்படியே இருக்கும்.